நாலரை மணி அலாரமும் திண்ணைக் காப்பியும்

ஊருக்குப் போவதென்று முடிவானதும் எங்கள் வீட்டுக்காரர் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துவிடுவார். இடது ஓரத்தில் மணி, நடுவில் இடம், வலது ஓரத்தில் கிலோமீட்டர். நாலரைக்கு எழுந்திருப்பது, ஐந்தேகாலுக்குக் கிளம்புவது, ஆறு மணிக்கு முதல் கோயில் என்று வரிசையாகப் போகும். ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை என்பது வரை அதில் இருக்கும். நான் வேறு ரகம். போன ஊரில் நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் எனக்கு அன்றைய பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே தெருவைப் பார்ப்பது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இத்தனை நாளும் நடுவில் பையன் இருந்தான். அவனுக்குப் பசிக்கிறது, அவனுக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லி நான் உட்கார்ந்துகொள்வேன். அவனுக்கு நாலு விஷயம் தெரிய வேண்டாமா என்று சொல்லி அவர் இழுத்துக்கொண்டு போவார். இப்போது அவன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். சாக்குச் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகப்போகிற முதல் பயணம் இது. குடியரசு தினத்தை ஒட்டி ஐந்து நாள் கிடைத்திருக்கிறது.

எங்கே போவது என்று ஆரம்பித்த பேச்சு, எப்படிப் போவது என்று மாறி, இரண்டு வாரம் ஓடியது. இதுவரை நாங்கள் போய்ப் பார்த்த விதங்களையெல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கழித்தோம். எங்களைப் போல இரண்டு திசையில் இழுக்கிற ஜோடிகள் நிறைய இருப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கழிந்தது பேக்கேஜ் டூர். இதைப் பலரும் நடுவழி என்று நினைக்கிறார்கள். திட்டம் போடும் வேலை யாருக்கும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை என்று நாங்களும் நினைத்துத்தான் மைசூர், பேலூர், ஹளேபீடு என்று நாலு நாள் போனோம். டூர்காரர் பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்தான், சாப்பாட்டில் குறையே வைக்கவில்லை. ஆனால் பேலூரில் எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிஷம். சென்னகேசவர் கோயில் சுவரின் மேலே, கூரைக்குக் கீழே சாய்ந்தாற்போல நிற்கும் மதனிகைச் சிற்பங்கள் மொத்தம் 42. இவர் கண்ணாடி பார்க்கும் பெண்ணிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றின் காலடியிலும் எழுத்து இருக்கிறதா என்று கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டு மூன்றாவதுக்கு வந்திருப்பார், வெளியே வேன் ஹாரன் அடித்துவிட்டது. நானோ நிழலில் ஒரு இடம் பார்த்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தோடு வண்டியில் ஏறினோம். மைசூரில் இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை மாலையில் அரண்மனை முழுக்க விளக்குப் போடுவார்கள். எங்கள் வேன் சனிக்கிழமை வந்து ஞாயிறு காலையில் கிளம்பிவிட்டது. ஆக, நிறையப் பார்க்க வேண்டும் என்பவருக்கும் பார்க்க விடாது, சும்மா இருக்க வேண்டும் என்பவளுக்கும் இருக்க விடாது. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் பேக்கேஜை ஒத்துக்கொள்வேன். எங்கள் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

அடுத்தது அவருடைய முறை. தினம் ஒரு ஊர். மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திருநெல்வேலி, திரும்ப மதுரை என்று ஒரு தடவை சுற்றினோம். இதில் நியாயமான பக்கம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. சென்னையிலிருந்து தெற்கே அவ்வளவு தூரம் போய்விட்டு, இன்னும் கொஞ்சம் போனால் பார்க்கக்கூடியதை விட்டுவிட்டு வர யாருக்குத்தான் மனசு வரும்? அவர் சொல்வதும் அதுதான். "இன்னொரு வாட்டி வர்றப்போ பாத்துக்கலாம்னு சொல்றியே, எத்தனை ஊருக்கு இன்னொரு வாட்டி போயிருக்கோம், சொல்லு பாப்போம்?" என்பார். எனக்குப் பதில் இருக்காது.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது ஈரப் புடவைதான். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வெளியே வந்தோம். துணி காய நேரமில்லை, பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கன்னியாகுமரியில் பிரித்தால் குப்பென்று வாடை. அங்கே ராத்திரி அதைத் துவைத்துப் போட்டு, அது காய்வதற்குள் விடியற்காலை கதவைத் தட்டிவிட்டார்கள். சூரிய உதயத்துக்கு எழுப்பிவிடுவது அங்கே தங்கும் விடுதிகளில் வழக்கம். எல்லா விடுதிக் கூட்டமும் பல் கூடத் தேய்க்காமல் கடற்கரையில் நின்றது. கிழக்கே ஒரே மேகம். இவர் மட்டும் நோட்டில் அந்த வரியின் நேராக ஒரு டிக் போட்டுக்கொண்டார். பார்க்காத சூரியனுக்கு என்னய்யா டிக் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சத்தம் போட்டேன்.

அந்த முறையில் உண்மையான செலவு வண்டி வாடகை இல்லை, பெட்டி கட்டும் வேலை. ஐந்து ராத்திரிக்கு ஐந்து படுக்கை என்றால் ஐந்து தடவை பெட்டி பிரித்து ஐந்து தடவை கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அதை யார் செய்வது என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் "சுற்றிப் பார்த்தேன்" என்று சொல்லும் அதே ஐந்து நாளை நான் "மூட்டை கட்டினேன்" என்று சொல்கிறேன், அவ்வளவுதான். பணக் கணக்கும் லேசில்லை. கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஓட்டுநர் பேட்டா, டோல், ராத்திரி நிறுத்தினால் அதற்கொரு தொகை என்று வண்டிச் செலவு விடுதி வாடகையைத் தாண்டிப் போனது.

சரி, என் முறை மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. ஒரு தடவை முழுக்க என் இஷ்டத்துக்கு விட்டார். குன்னூரில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன வீடு, நாலு நாள், எந்தத் திட்டமும் கிடையாது. முதல் நாள் நன்றாகவே போனது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குள் அவர் 1874-இல் ஆரம்பித்த சிம்ஸ் பூங்காவைச் சுற்றி முடித்து, மரங்களில் தொங்கும் பெயர்ப் பலகைகளைப் படித்துவிட்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள் அந்த வாடகை வீட்டின் குளியலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் போர்வைக்குள் புத்தகத்தோடு இருக்கிறேன், உள்ளே டக் டக்கென்று ஸ்பேனர் சத்தம். அவர் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பக்கத்தில் ஒருத்தர் அடைபட்ட மாதிரி நடந்துகொண்டிருக்கும்போது சும்மா இருப்பதும் ஒரு வேலையாகிவிடுகிறது. நாலாம் நாள் நானே, "போலாம், எங்கயாவது போலாம்" என்று சொல்லிவிட்டேன்.

தனித்தனியாகப் போவது பற்றியும் பேசினோம். இவர் வருஷா வருஷம் மாலை போட்டுக்கொண்டு பத்துப் பேரோடு சபரிமலை போய் வருகிறார், யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் தோழியோடு நாலு நாள் எங்காவது போகிறேன் என்றால், வீட்டில் என்ன பிரச்சினை என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் போன் போட்டு விசாரிக்கும். விசாரிக்கட்டும், ஒருநாள் போகத்தான் போகிறேன். ஆனால் இந்த ஐந்து நாள் அதற்கில்லை. வீட்டில் இரண்டு பேராக இருந்து பழக வேண்டிய காலம் வந்திருக்கிறது, அதன் ஒத்திகை மாதிரி இது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஒரு ஊரில் ஒரே அறை, பெட்டி ஒரே தடவை பிரிப்பது, பகலில் அவரவர் வழி, சாப்பாட்டுக்கும் சாயங்காலத்துக்கும் சேர்ந்துகொள்வது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எல்லா ஊரும் இதற்குத் தாங்காது. இங்கேதான் நாங்கள் நிறைய நேரம் செலவழித்தோம்.

எந்த ஊரையும் சோதிக்க நான் ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன்: வண்டியை ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அறையில் இருப்பவருக்கு நடந்து போய்ச் செய்ய ஏதாவது இருக்கிறதா? ஊர் அழகாக இருக்கிறதா, பார்க்க எத்தனை இடம் என்பதெல்லாம் அப்புறம். பின்னால் தங்குபவர் கைதி ஆகிவிட்டால் அந்தத் திட்டம் இரண்டு நாள் கூட நிற்காது. அவர் பங்குக்கு ஒரு கேள்வி சேர்த்தார்: வெளியே போகிறவர் மத்தியானத்துக்குள் திரும்பி வரும் தூரத்தில் பார்க்கும் இடங்கள் இருக்கின்றனவா?

ஊட்டி, குன்னூர் இந்தச் சோதனையில் பாதி தேறியது. அவருக்கு அங்கே ஒரு பெரிய ஆசை பாக்கி இருக்கிறது, மேட்டுப்பாளையம் ரயில். காலையில் கிளம்பி மத்தியானம் ஊட்டி சேரும் வண்டி அது. 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த சட்டம் இருக்கும். எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். 12 அடி போனால் ஓர் அடி ஏறுகிற செங்குத்து. இந்த விவரமெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விசேஷம் என்னவென்றால், அந்த வண்டி எனக்கும் பிடிக்கும். ஐந்து மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். அவர் பாலங்களை எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற ஒரே வாகனம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் ரயில் ஒரு நாள் கதை. மீதி நாளுக்கு மலையில் எதற்கும் வண்டி வேண்டும். குன்னூரில் கடைத்தெரு கீழே, தங்கும் இடம் மேலே. இறங்கிவிடலாம், பையோடு ஏறுவதை நினைத்தால் முழங்கால் பேசும். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, நீண்ட விடுமுறை நாளில் கடைசி நிமிஷத்தில் தீர்மானிப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மலையை ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தோம்.

காரைக்குடி எனக்கு ஆசையான ஊர். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நான் ஒரு நாள் முழுக்கத் தொலைந்து போவேன். பழைய எனாமல் தூக்கு, மரத் தூண், யாருடைய தாத்தாவோ தெரியாத சட்டம் போட்ட படம். கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டு ஊற்றித் தரைக்கல் செய்வது, திருமயம் கோட்டை, பிள்ளையார்பட்டி என்று அவருக்கும் நோட்டு நிரம்பும். ஆனால் எல்லாம் திசைக்கு ஒன்றாக இருக்கின்றன. முற்றம் வைத்த பழைய வீடுகளில் தங்குவதுதான் அங்கே அழகு, அந்த வாடகையைக் கேட்டதும் இருவரும் ஒருசேர அமைதியானோம். அபூர்வமான ஒற்றுமை.

ஹம்பியோடுதான் உண்மையான போட்டி. அவர் பக்கம் அது பெரிய விருந்து. விட்டலர் கோயில், ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறம் இருக்கும் கல் ரதம், அரச வளாகம், தாமரை மகால், யானைக் கொட்டாரம், சூரியன் விழுவதைப் பார்க்க மதங்க மலை என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். எனக்கும் அங்கே வேலை உண்டு. விருபாட்சர் கோயில் இன்னும் பூஜை நடக்கும் கோயில், பக்கத்திலேயே துங்கபத்திரை, பரிசல், உருட்டி வைத்த மாதிரிப் பாறைகள். ஒரு பாறைமேல் உட்கார்ந்தால் காலை போய்விடும். ஜனவரியில் வெயிலும் தாங்கும்.

பிறகு ஏன் விட்டோம் என்றால், இரண்டு காரணம். சென்னையிலிருந்து பெங்களூரு போய், அங்கிருந்து ராத்திரி வண்டி பிடித்து ஹொசபேட்டை, அங்கிருந்து இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர். ஐந்து நாளில் போக வரவே இரண்டு நாளுக்குப் பக்கம் தின்றுவிடும். இது சின்னக் காரணம். பெரிய காரணம் எனக்கு மட்டும் தெரிந்தது: ஹம்பியின் இடிபாடுகள் காலை வெளிச்சம் வந்ததிலிருந்து சாயங்காலம் வரை திறந்தே இருக்கும். நடுவில் சாத்துகிற கதவு கிடையாது. சாத்துகிற கதவு இல்லாவிட்டால் இவர் நிற்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு மண்டபம், இன்னும் ஒரு மண்டபம் என்று மூன்று மணிக்கு, முகம் கறுத்து, தலைவலியோடு வருவார். வந்த அன்றைக்கு ராத்திரி நான்தான் தைலம் தேய்க்க வேண்டும்.

கும்பகோணம் ஜெயித்தது இந்த ஒரு விஷயத்தில்தான். பன்னிரண்டு மணி வாக்கில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அந்த நாலு மணி நேரம் என் வீட்டுக்காரர் செய்ய உலகத்தில் ஒன்றுமே இல்லை! சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும், அல்லது என்னோடு பேச வேண்டும். நான் கேட்டு வாங்க முடியாத மத்தியானத்தை அந்த ஊர் தானாகவே கொடுக்கிறது. சோழநாட்டில் யார் இந்த வழக்கத்தை வைத்தார்களோ, அவர்கள் வீட்டிலும் ஒருத்தர் நோட்டு எடுத்தவராக இருந்திருப்பார்.

என்னுடைய கேள்விக்கும் அங்கே பதில் சுலபம். அறையைப் பெரிய தெருவுக்கும் பொற்றாமரைக் குளத்துக்கும் பக்கத்தில் பார்த்து எடுத்தால் போதும், வண்டியே வேண்டாம். கும்பேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணத்தைச் சித்திரமாக எழுதியிருக்கும் ராமசுவாமி கோயில், பதினாறு மண்டபம் சூழ்ந்த மகாமகக் குளம், எல்லாம் நடக்கிற தூரம். பாத்திரக் கடைகள், வெற்றிலைக் கடைகள், பூக்கடைகள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது, 2003 முதல் அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஒடுக்கமான ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, உள்ளே ஜன்னலோரம் ஒரு கட்டில். முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பத்து நிமிஷம் எட்டிப் பார்த்தேன். அந்த ஜன்னலையும், தெருக்கோடியில் நிற்கும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பேன், தாலி கட்டும் நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அந்தப் பாக்கி ஒரு மணி நேரம் இந்தப் பயணத்தில் எனக்கு வர வேண்டும்.

காப்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நெடுஞ்சாலையில் எங்கே பார்த்தாலும் பித்தளை டபரா படம் போட்டுக் கும்பகோணம் டிகிரி காப்பி என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்போடு ஊருக்குள் போனால், எல்லாக் கடையிலும் அப்படி இருக்காது, தேடித்தான் குடிக்க வேண்டும். எனக்கு அந்தத் தேடுதலே ஒரு நாள் வேலை என்பதால் புகார் இல்லை.

அவர் பக்கம் வருவோம். தாராசுரம் நாலு கிலோமீட்டர். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் மாதிரி மண்டபம், விரற்கடை அளவில் செதுக்கிய நாயன்மார் கதைகள். கூடவே காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம். காளையை மறைத்தால் யானை, யானையை மறைத்தால் காளை. எங்கள் இரண்டு பேரின் கல்யாணப் போட்டோவுக்குப் பதில் அதை மாட்டலாம் என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. சுவாமிமலை எட்டு கிலோமீட்டர் பக்கம். கோயில் மட்டும் இல்லை, மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் பட்டறைகளும் உண்டு. இது எனக்கும் வேண்டும், அதனால் சேர்ந்து போகும் பட்டியலில் வைத்தாயிற்று. ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும், ஆறு மணிக்குப் போனால் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடலாம். தஞ்சாவூர் நாற்பது.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வெறி. சூரியனார்கோயிலில் தொடங்கித் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. கும்பகோணத்திலிருந்து அரசுப் பேருந்திலேயே விடியற்காலை கிளப்பி, ராத்திரி கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த ஒரு நாள் மட்டும் மத்தியானக் கூட்டு கிடையாது, அவர் போகட்டும். எனக்கு அன்றைக்கு முழுநாள் விடுமுறை. ஒன்பது கிரகத்தையும் அவர் பார்த்துக்கொண்டால் நான் ஒன்றும் குறைந்துபோக மாட்டேன், வீட்டுக்கு ஒருத்தர் போனால் போதாதா?

செலவிலும் இதுதான் மலிவு. தஞ்சாவூருக்கோ கங்கைகொண்ட சோழபுரத்துக்கோ ஒரே ஒரு நாள் கார் போதும், மீதிக்கு ஆட்டோவும் டவுன் பஸ்ஸும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது என்பதால், தாராசுரத்துக்குச் சேர்ந்து போனால் அவருக்கு மட்டும் டிக்கெட். இந்த வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மிச்சமாவது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். திருபுவனம் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடே 2019-இல் கிடைத்துவிட்டது. நான் அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரிக்கு இன்னொரு லாபம். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கப்படி ஜனவரி 28-இல்தான் நிற்கும். அதனால் காவிரியில் தண்ணீர் ஓடும்போதே போய்விடலாம். மே மாதத்தில் போனால் படித்துறையில் உட்கார்ந்து மணலைத்தான் பார்க்க வேண்டும். கடலோ மலையோ கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த ஊரைச் சொல்ல மாட்டேன். கொசுவும் உண்டு.

பிரிந்து போவதில் சில விஷயங்களை முன்னாலேயே பேசிக்கொள்ளாவிட்டால் வம்பு. முன்பு மாமல்லபுரத்தில் ஒரு நாள் இதைச் செய்து பார்த்து மாட்டிக்கொண்டோம். அவர் ஐந்து ரதம் பக்கம், நான் கடற்கரைப் பக்கம். அரைமணிக்கு ஒரு தடவை போன். "எங்க இருக்க?" "இங்கதாங்க, உக்காந்திருக்கேன்." "இன்னுமா?" அந்த "இன்னுமா"வுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, இருபத்திரண்டு வருஷம் கேட்டவளுக்குத் தெரியும். இந்தத் தடவை, அவசரம் என்றால் ஒழிய மத்தியானம் வரை போன் கிடையாது என்று முடிவு. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் இருக்க வேண்டும், இதில் சலுகை இல்லை. சாயங்காலம் சேர்ந்து ஒரே ஒரு இடம், ஒரு நாள் அவர் சொல்வது, மறுநாள் நான் சொல்வது. அவர் எடுத்துவரும் இருநூறு படத்தில் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது மட்டும் காட்டலாம்.

இந்த இருபது படத்தை வேண்டா வெறுப்பாகச் சொல்லவில்லை. மாமல்லபுரத்தில் அவர் காட்டிய படங்களில்தான் அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையை நான் முதன்முதலில் பார்த்தேன், பத்துத் தடவை அதன் எதிரே நின்று ஐஸ் சாப்பிட்டிருக்கிறேன். பதிலுக்கு, கடற்கரையில் சங்கு விற்ற அம்மா தன் மூன்று மருமகள்களைப் பற்றிச் சொன்ன கதையை அவருக்குச் சொன்னேன். ஒரே இடத்தை ஒன்றாகப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டில் அவ்வளவு பேசியதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வது?

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இந்த ஏற்பாட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் வருஷத்தில் தனியாகப் போனால் அதைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அவர்கள் இரண்டு தடவையாவது சேர்ந்தே அலைந்து, ஒருத்தர் எங்கே உட்காருகிறார், இன்னொருத்தர் எங்கே பறக்கிறார் என்று பார்த்துக்கொள்ளட்டும். விடுதியில், "சார் மட்டும் போறாங்களா, நீங்க போகலியா மேடம்?" என்று தினம் ஒருவர் கேட்பார், அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும். முழங்கால் வலி என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். கொஞ்சம் உண்மையும்கூட.

எல்லாம் முடிந்து கடைசியாக ரயிலில் வந்து நின்றது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. ஏழே முக்காலுக்கே அவர் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உழவன் எக்ஸ்பிரஸ்: ராத்திரி சென்னையில் ஏறினால் விடியும் முன்பே கும்பகோணம், அறையில் பையைப் போட்டுவிட்டு முதல் நடை திறக்கும்போது கோயில் வாசலில் நிற்கலாம், ஒரு பகல் லாபம். எனக்குச் சோழன்: காலையில் ஏறி, மத்தியானம் வரை ஜன்னலோரம். சிதம்பரம், மயிலாடுதுறை என்று பச்சையும் அறுவடையுமாக வயலைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

"ஒரு நாள் முழுக்க ரயில்லயே போயிடும்மா."

"அதுக்குத்தாங்க போறதே."

ஏழு ஐம்பத்தெட்டு வரை பேசினோம். போகும்போது சோழன், வரும்போது உழவன் என்று பதிவாகியிருக்கிறது. நோட்டில் முதல் நாள் பக்கத்தில், காலையிலிருந்து மத்தியானம் வரை கோடு கோடாக விட்டு, நடுவில் "ஜன்னல்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.